அணைக்கக் கூடாத தீ

1966 ஜனவரி 4. பிரான்சில் லியோன் நகருக்குத் தெற்கே, ஃபேசான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. விடிய இன்னும் நேரமிருக்கிறது. உருண்டை வடிவில் நிற்கும் பிரம்மாண்டமான எஃகுத் தொட்டி ஒன்றின் அடியில் ஒரு தொழிலாளி குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். தொட்டிக்குள் இருப்பது புரொப்பேன். அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கிய எரிவாயு. அதற்கடியில் சிறுகச் சிறுகத் தண்ணீர் சேரும். அவ்வப்போது வடித்துவிட வேண்டும். தொட்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்கூட இடைவெளி கிடையாது. அந்த இடுக்கில்தான் வடிகுழாயும், அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வால்வுகளும் இருந்தன.

மேல் வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, கீழ் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வடிக்க வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. புரொப்பேன் அழுத்தத்திலிருந்து விடுபடும் இடத்தில் கடுங்குளிர் பிறக்கும். கூடவே வரும் ஈரம் அங்கே உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். கீழ் வால்வு உறைந்துபோனாலும் மேல் வால்வை மூடித் தப்பித்துக்கொள்ளலாம். அன்று வரிசை மாறிப்போனது. திறந்தார், ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தார். உள்ளே அடைத்திருந்த உறைகட்டி சட்டென்று விலகி, புரொப்பேன் பீறிட்டு அவர்மீதும் உடனிருந்த இருவர்மீதும் அடித்தது. வால்வின் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. திரும்ப மாட்ட முடியவில்லை. வால்வு உறைந்து இறுகிப்போயிருந்தது.

இடுப்பளவு உயரத்துக்கு வெள்ளைப் பனிமூட்டம் போன்ற ஒன்று தரையோடு தரையாக நகரத் தொடங்கியது. 150 மீட்டர் வரை போனது. போலீசார் நெடுஞ்சாலையை மறித்துவிட்டார்கள். ஆனால் கிளைச் சாலை ஒன்றின் வழியாக ஒரு கார் வந்து சேர்ந்தது. கசிவு தொடங்கிச் சுமார் 25 நிமிடம் ஆகியிருந்த நேரம். காரில் பற்றிய தீ, ஆவி வந்த வழியே பின்னோக்கி ஓடித் தொட்டியின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

லியோனிலிருந்தும் வியென்னிலிருந்தும் தீயணைப்புப் படையினர் வந்தார்கள். தொட்டியைச் சுற்றி நெருப்பு. உச்சியிலிருந்த பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து, உள்ளே ஏறிய அழுத்தத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை வந்தது: இந்தத் தொட்டியை அந்த வால்வு பார்த்துக்கொள்ளும், நாம் பக்கத்துத் தொட்டிகளுக்குத் தீ பரவாமல் காப்போம். இருந்த தண்ணீரில் பெரும்பகுதியை அண்டைத் தொட்டிகள்மேல் பாய்ச்சினார்கள். எரியும் தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய தெளிப்பான்கள் வறண்டன. தீப்பற்றி ஏறத்தாழ 90 நிமிடத்தில் தொட்டி பிளந்தது. அன்று இறந்தவர்கள் 18 பேர். அவர்களில் 11 பேர் தீயணைப்பு வீரர்கள். வெடித்த தொட்டியின் துண்டுகள் அடுத்த தொட்டியின் கால்களை முறித்துச் சாய்த்தன. முக்கால் மணி நேரத்தில் அதுவும் வெடித்தது.

பாதுகாப்பு வால்வு பழுதில்லாமல் வேலை செய்தது. அதற்கான அழுத்தத்தில் திறந்தது. அப்படியிருந்தும் தொட்டி வெடித்தது ஏன்? வால்வு அளவில் சிறியது என்றுதான் முதலில் நினைத்தார்கள். உண்மைக் காரணம் வேறு. அது விளங்குவதற்கு ஆலைக்குப் போக வேண்டியதில்லை, நம் சமையலறையே போதும்.

அடுப்பில் குக்கர் இருக்கிறது. தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டோம், அல்லது ஊற்றியது வற்றிவிட்டது. தண்ணீர் இருக்கும்வரை அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் பாத்திரத்தின் அடி தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டி அதிகம் ஏறாது. வருகிற வெப்பத்தையெல்லாம் கொதிக்கும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. விசில் அடிக்கிறது, அழுத்தம் வெளியேறுகிறது, எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு விசிலும் உள்ளே இருக்கும் தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் தீர்ந்த பிறகு பாத்திரத்தைக் காக்க எதுவுமில்லை. அடி கருகி, உலோகமே கெட்டுவிடுகிறது.

எரிவாயுத் தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் பிழைத்துக்கொள்ளும். திரவத்துக்கு மேலே வெறும் ஆவி மட்டும் இருக்கும் பகுதியில் தீ நாக்கு பட்டால், அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இல்லை. எஃகு நிமிடங்களில் சூடேறும். 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். பாதுகாப்பு வால்வால் அழுத்தத்தைக் குறைக்க முடியும், இரும்பைக் குளிர்விக்க முடியாது. அதுமட்டுமல்ல, வால்வு திறக்கும்தோறும் திரவத்தின் மட்டம் இறங்குகிறது, காப்பில்லாத சுவரின் பரப்பு கூடுகிறது. மெலிந்துபோன சுவர், தாங்க வேண்டிய அழுத்தத்தைக்கூடத் தாங்க மாட்டாமல் கிழிகிறது.

கிழிந்த நொடியில் நடப்பதுதான் பயங்கரம். இயல்பான காற்றழுத்தத்தில் புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. தொட்டிக்குள் அது திரவமாக இருப்பதற்கு ஒரே காரணம் அழுத்தம். சுவர் கிழிந்து அழுத்தம் போனதும், கொதிநிலைக்கு எத்தனையோ டிகிரி மேலே இருக்கும் அவ்வளவு திரவமும் ஒரே மூச்சில் கொதித்து, சுமார் 250 மடங்கு விரிகிறது. அந்த விசை தொட்டியின் துண்டுகளைப் பல நூறு மீட்டர் வீசுகிறது. விரிந்த ஆவி பற்றிக்கொண்டு நெருப்புக் கோளமாக எழுகிறது. 1957இல் அமெரிக்காவில் ஃபேக்டரி மியூச்சுவல் நிறுவனப் பொறியாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். சுருக்கமாக ‘பிளெவி’ என்பார்கள். கொதிக்கும் திரவம் விரிந்தாவியாகும் வெடிப்பு என்று விரித்துச் சொல்லலாம். ஃபேசானுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே இந்தப் பெயர் பிறந்துவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஓரிடத்தில் தெரிந்துகொண்ட உண்மை, அதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய மனிதர்களை எட்டுவதற்குள் அவர்கள் இறந்துவிடுகிறார்கள். இந்தத் துறையின் வரலாறு நெடுகிலும் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

ஃபேசானுக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1973 ஜூலை 5. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிங்மன் என்ற சிற்றூர். சுமார் 1,26,000 லிட்டர் கொள்ளளவுள்ள ரயில் டேங்கர் ஒன்றிலிருந்து புரொப்பேனை இறக்கிக்கொண்டிருந்தார்கள். குழாய் இணைப்பில் கசிவு. அதை இறுக்கும்போது தீப்பற்றியது. ஊர்த் தீயணைப்பு வீரர்கள், பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஊருக்காகத் தொண்டு செய்தவர்கள், சில நிமிடங்களில் வந்துவிட்டார்கள். தொட்டியைக் குளிர்விக்கக் குழாய்களை விரித்துக்கொண்டிருந்தபோதே அது வெடித்தது. தீப்பற்றி அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. 11 தீயணைப்பு வீரர்களும் எரிவாயு நிறுவன ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். நெடுஞ்சாலையில் நின்று வேடிக்கை பார்த்த தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் தீக்காயம் பட்டார்கள். அந்த நெருப்புக் கோளத்தின் படம் இன்றும் தீயணைப்புப் பயிற்சி வகுப்புகளில் காட்டப்படுகிறது.

இந்தச் சாவுகளிலிருந்து பிறந்த விதிகள் இன்று ஆரஞ்சு நிற அட்டை போட்ட ஒரு கையேட்டில் இருக்கின்றன. அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்து வெளியிடும் அவசரகால வழிகாட்டி அது. சமையல் எரிவாயுவுக்கான பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு விபத்து நிற்பது தெரியும். டேங்கர் தீயில் சிக்கியிருந்தால் நாலாபுறமும் 1,600 மீட்டர் தூரத்துக்கு ஆட்களை அகற்று. பாதுகாப்பு வால்வின் இரைச்சல் கூடிக்கொண்டே போனாலோ, தொட்டியின் நிறம் மாறினாலோ, அந்தக் கணமே பின்வாங்கு. கசிவை அடைக்க முடியாத பட்சத்தில், கசியும் வாயுவில் எரியும் தீயை அணைக்காதே.

கடைசியாகச் சொன்னதுதான் கேட்பவரைத் திகைக்க வைக்கும். தீயை அணைக்க வந்தவரிடம் அணைக்காதே என்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவே சரி. எரிந்துகொண்டிருக்கும் வாயு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். வெளிவர வெளிவர எரிந்து தீர்ந்துகொண்டிருக்கும். தீயை அணைத்துவிட்டுக் கசிவை அப்படியே விட்டால் வாயு வந்துகொண்டே இருக்கும், எரியாமல் சேரும், பள்ளம் பார்த்து ஓடும், எங்கோ ஒரு வீட்டின் அடுப்பையோ மோட்டாரையோ தேடிப் பிடிக்கும். அப்போது எரிவது ஒரு வால்வின் வாய் அல்ல, ஒரு தெரு. நம் ஊர்ப் பள்ளிகளில் தீயணைப்புத் துறையினர் செய்து காட்டும் ஒத்திகையைப் பார்த்திருப்பீர்கள். எரியும் சிலிண்டரின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்துவார்கள். குழந்தைகள் கை தட்டுவார்கள். கவனிக்க வேண்டியது அதற்கடுத்து நடப்பது: சாக்குக்கு மேலேயே கையை வைத்து வீரர் வால்வைத் திருகி மூடுகிறார். மூட முடிகிற வால்வு இருப்பதால்தான் தீயை அணைக்க அவருக்குத் துணிவு வருகிறது.

அந்த ஒத்திகைகள் அதிகம் நடப்பது ஏப்ரல் 14இல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் வெடித்தது. வெடிமருந்தும் பருத்திப் பொதிகளும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. பருத்தியில் பிடித்த தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் திரும்பவில்லை. அவர்கள் நினைவாகத்தான் நாடெங்கும் அந்த நாளைக் கடைப்பிடிக்கிறோம்.

எரியும் கசிவை அணைக்கக் கூடாது என்றால் தண்ணீருக்கு என்ன வேலை? தொட்டியைக் குளிர்விப்பது. தீ நாக்கு படும் ஒவ்வோர் இடத்துக்கும் நிமிடத்துக்குக் குறைந்தது 1,900 லிட்டர் என்பது இத்துறையில் சொல்லப்படும் கணக்கு. நம் ஊர்களில் பரவலாக உள்ள 4,500 லிட்டர் தீயணைப்பு வண்டி இந்த வேகத்தில் இரண்டரை நிமிடம்கூடத் தாங்காது. பக்கத்தில் ஏரியோ, ஆழமான கிணறோ, வரிசையாக வந்து நிரப்பும் லாரிகளோ இல்லாவிட்டால், அருகில் போய்த் தண்ணீர் அடிப்பது கிங்மன் வீரர்கள் நின்ற இடத்தில் போய் நிற்பதுதான். தண்ணீர் போதாது என்றால் ஆட்களை விலக்கிவிட்டுத் தானும் விலகுவதே அங்கே செய்யக்கூடிய வேலை. அதை எந்தத் தீயணைப்பு அதிகாரியும் லேசாகச் செய்துவிட முடியாது. பின்னால் ஊர் நின்று பார்க்கிறது. ஓடிப்போனார்கள் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டு, தன் ஆட்களைப் பின்னுக்கு இழுக்கும் அதிகாரியின் துணிவை, தீக்குள் பாய்கிறவரின் துணிவுக்குக் குறைவில்லாததாக நான் மதிக்கிறேன்.

தீயே இல்லாத கசிவு இன்னும் சிக்கலானது. 2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து கோவை கணபதியிலுள்ள கிடங்குக்கு வந்துகொண்டிருந்த எரிவாயு டேங்கர், அவிநாசி சாலை மேம்பாலத்தில் இழுவை வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. உள்ளே 18 டன் எரிவாயு. கசிவும் தொடங்கிவிட்டது. நகரின் நடுவே, மேம்பாலத்தின்மேல். கேரளத்தில் கண்ணூருக்கு அருகே சாலாவில் 2012 ஆகஸ்ட் 27 இரவு இதே போன்று ஒரு டேங்கர் கவிழ்ந்து, கசிந்து, தீப்பிடித்து, சாலையோர வீடுகளில் இருந்த 20 உயிர்களைக் கொண்டுபோனது. ஜெய்ப்பூர் – அஜ்மீர் நெடுஞ்சாலையில் எரிவாயு டேங்கரும் லாரியும் மோதிப் பலர் கருகி இறந்தது, கோவை விபத்துக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு. கோவையில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. போக்குவரத்தை நிறுத்தினார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் இடைவிடாமல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எரிவாயு நிறுவன வல்லுநர்கள் வந்து கசிவை அடைத்தபின், கிரேன் வைத்துத் தொட்டியைத் தூக்கி, வேறொரு இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளே மக்கள் அதை மறந்திருப்பார்கள். எதுவும் நடக்காமல் தடுத்தவர்களின் வேலை இப்படித்தான் நினைவில் தங்காமல் போகிறது.

தீயே இல்லாத இடத்தில் அந்தத் தண்ணீர் எதற்கு? சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, தண்ணீரைப் போலத் தாழ்வான இடம் தேடி ஓடும். சாக்கடை, பாதாளக் குழி, மாடிப்படிக்குக் கீழே உள்ள இடுக்கு என்று எங்கும் தங்கும். காற்றில் அது நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்கிலிருந்து பத்துப் பங்குக்குள் கலந்திருந்தால்தான் தீப்பற்றும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. விசிறியாக அடிக்கும் நுண்ணிய நீர்த்திவலைகள் தங்களோடு ஏராளமான காற்றை இழுத்துவந்து வாயுவில் கலக்கின்றன. வாயு நீர்த்து அந்த இரண்டு பங்குக்குக் கீழே இறங்குகிறது. போக வேண்டாத பக்கம் அது போகாமல் திவலைகள் திரையாகவும் நிற்கும்.

ஆனால் கசியும் ஓட்டையின்மேல் நேராகத் தண்ணீர் அடிக்கக் கூடாது. பாதுகாப்பு வால்வின்மேல் அடித்தால் பனிக்கட்டி படிந்து அது செயலிழக்கலாம். தரையில் திரவமாகத் தேங்கி நிற்கும் புரொப்பேன்மேல் அடித்தாலும் கேடுதான். நமக்குக் குளிர்ந்த தண்ணீர், மைனஸ் 42 டிகிரி திரவத்துக்கு வெந்நீருக்கும் மேல். பட்ட உடனே அது பொங்கி ஆவியாகும்.

கவிழ்ந்த தொட்டியைத் தூக்குவது இன்னொரு கண்டம். 1978 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வேவர்லி என்ற ஊரில் ரயில் தடம்புரண்டது. எரிவாயு டேங்கர்கள் இரண்டு அதில் இருந்தன. தீயும் இல்லை, கசிவும் தென்படவில்லை. குளிர்காலம். இரண்டு நாள் கழித்து, ஆபத்து நீங்கிவிட்டது என்ற எண்ணத்தில் வாயுவை மாற்ற ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. விபத்தில் அடிபட்டு உள்ளுக்குள் விரிசல் கண்டிருந்த எஃகு, அந்தச் சிறிய அழுத்த உயர்வையும் தாங்காமல் கிழிந்தது. 16 பேர் இறந்தார்கள், ஊரின் தீயணைப்புத் தலைவரும் காவல் துறைத் தலைவரும் அவர்களில் அடக்கம். அடிபட்ட தொட்டி அமைதியாகக் கிடப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கோவையில் கிரேன் கொக்கியை மாட்டியவர்களின் கை எவ்வளவு நிதானமாக இருந்திருக்க வேண்டும் என்பது வேவர்லியைப் படித்தால்தான் புரிகிறது.

பெட்ரோலும் டீசலும் வேறு சுபாவம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி அளவிலேயே பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். நம் ஊர் வெயிலில் சிந்திய பெட்ரோல் எந்நேரமும் எரியத் தயாராகவே இருக்கிறது. டீசல் சாதாரண வெப்பத்தில் அவ்வளவு எளிதில் பற்றாது. சூடேற வேண்டும் அல்லது துளித்துளியாகச் சிதற வேண்டும். ஆனால் பற்றிவிட்டால் விடாது. இரண்டுமே தண்ணீரைவிட லேசு. எரியும் பெட்ரோலில் தண்ணீரைப் பாய்ச்சினால் தண்ணீர் கீழே போய், எரியும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடும். இதற்கு நுரை வேண்டும். திரவத்தின் முகத்தைப் போர்வை போல மூடி, ஆவி கிளம்பாமலும் காற்று சேராமலும் தடுப்பது நுரை. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: எத்தனால், மெத்தனால், அசிட்டோன் போன்று தண்ணீரில் கரையும் திரவங்கள் சாதாரண நுரையிலுள்ள தண்ணீரை உறிஞ்சி அதைச் சிதைத்துவிடும். அவற்றுக்குத் தனி நுரை. பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்குவரை எத்தனால் கலக்கும் இந்தக் காலத்தில், தீயணைப்பு நிலையத்தில் இருப்பு வைத்திருக்கும் நுரை எந்த வகை என்பது சில்லறை விஷயமல்ல.

சில நேரம் நுரையும் உதவாது. 2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூரை அடுத்த சீதாபுராவில் எண்ணெய்க் கிடங்கு ஒன்றில், குழாய் வழியே பெட்ரோல் அனுப்ப ஆயத்தம் செய்யும்போது வால்வு இணைப்பிலிருந்து பெட்ரோல் ஊற்றாகப் பீறிட்டது. மூட முயன்றவர்கள் ஆவியில் மயங்கினார்கள். மூட வேறு ஆளும் இல்லை, தூரத்திலிருந்து மூட வழியும் இல்லை. ஒன்றேகால் மணி நேரம் கொட்டியது. காற்று அசையாத மாலை. கிடங்கு முழுவதும் ஆவி படர்ந்து நின்றபின், எங்கிருந்தோ ஒரு பொறி. 11 பேர் இறந்தார்கள். அங்கிருந்த 11 தொட்டிகளும் எரிந்தன. நெருங்கிப் போய் அணைக்க முயன்றால் இன்னும் உயிர்கள் போகும் என்று கணக்கிட்டு, எரிந்து தீரட்டும் என்று விட்டார்கள். பதினொரு நாள் எரிந்தது.

எரிய விடுவதும் சில நேரம் கூடாது. கச்சா எண்ணெய், உலை எண்ணெய் போன்றவை எரியும்போது மேலிருந்து சூடான அடுக்கு ஒன்று மெல்ல மெல்லக் கீழே இறங்கும். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால், சூடு அதை எட்டிய நொடியில் தண்ணீர் நீராவியாகி 1,700 மடங்கு விரியும். தாளிக்கும் எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை விழுந்தால் எண்ணெய் எப்படித் தெறிக்கும் என்று தெரியும். அதையே ஒரு கட்டடம் அளவுத் தொட்டியில் நினைத்துப் பாருங்கள். 1982 டிசம்பர் 19 அன்று வெனிசுவேலாவின் தக்கோவா மின்நிலையத்தில், மணிக்கணக்காக எரிந்துகொண்டிருந்த எண்ணெய்த் தொட்டி இப்படிப் பொங்கி மலைச்சரிவில் வழிந்தது. தீயணைப்பு வீரர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் செய்தியாளர்களுமாக 150க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அணைக்க ஊற்றிய தண்ணீரே நஞ்சாகப் போனதும் உண்டு. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே வேதிப்பொருள் கிடங்கு எரிந்தபோது, பூச்சிமருந்தைக் கரைத்துக்கொண்டு ஓடிய தண்ணீர் ரைன் நதியைச் சிவப்பாக்கியது; நெடுந்தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அதனால் இப்போதெல்லாம் அனுபவமுள்ள அதிகாரி குழாயைத் திறக்கும் முன் ஊற்றும் தண்ணீர் எங்கே போகும் என்றும் பார்க்கிறார். மணல் மூட்டை அடுக்கிச் சாக்கடை வாயை அடைப்பது அங்கே தீயணைப்பு வேலையின் ஒரு பகுதி.

2025 ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை அதிகாலை திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம்புரண்டு எரிந்தபோது இந்தப் பாடங்கள் எல்லாம் ஒரே இடத்தில் தேவைப்பட்டன. மேலே உயரழுத்த மின்கம்பி. முதலில் அதன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தீ எட்டாத டேங்கர்களைக் கழற்றி இழுத்துப்போனார்கள். நுரையும் தண்ணீரும் பல மணி நேரம் அடித்தார்கள். 18 டேங்கர்கள் எரிந்தன, உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் செய்தியில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு சிறு விவரம்: தண்டவாளத்தை ஒட்டியிருந்த வீடுகளிலிருந்து ஆட்களை வெளியேற்றியதோடு, அடுப்படியிலிருந்த எரிவாயு சிலிண்டர்களையும் தூக்கிக்கொண்டு போய் அப்புறப்படுத்தினார்கள். தீ அடுத்து எதைத் தொடும் என்று முன்கூட்டி நினைத்த யாரோ ஒருவர் அங்கே இருந்திருக்கிறார்.

நெடுஞ்சாலையில் டேங்கர் கவிழ்ந்தால் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் வந்து சேர்கிறவர்கள் நாம்தான். 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் பஹாவல்பூர் மாவட்டத்தில் பெட்ரோல் டேங்கர் ஒன்று கவிழ்ந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து குடமும் கேனும் எடுத்துக்கொண்டு ஏழை மக்கள் வந்தார்கள். சாலையோரத்தில் தேங்கிய பெட்ரோலை மொண்டுகொண்டிருந்தபோது பற்றியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதைப் பேராசை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒரு குடம் பெட்ரோலின் விலை பெரிதாகத் தெரிகிற வாழ்க்கை அவர்களுடையது. அதன் ஆவி காலடியில் பரவி நிற்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

டேங்கர்களின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் கட்டம் போட்ட ஒரு பலகை இருக்கும். இந்தியாவில் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி கட்டாயம். அதில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. உலகம் முழுவதும் அந்தப் பொருளுக்கு அதே எண்தான். 1075 என்றால் சமையல் எரிவாயு. 1203 பெட்ரோல். 1202 டீசல். அதற்கு மேலே எண்ணும் எழுத்துமாக ஒரு குறியீடு. பெட்ரோலுக்கு ‘3 ஒய் இ’ என்றிருக்கும். முதலில் உள்ள 3, நுரை கொண்டு அணை என்கிறது. 2 என்றிருந்தால் நீர்த்திவலை, 4 என்றிருந்தால் தண்ணீரே படக்கூடாது. நடுவிலுள்ள ஒய், கலக்கிக் கழுவிவிடாதே, தேக்கி வை என்றும், மூச்சுக்கருவி வேண்டும் என்றும், பொருள் திடீரெனச் சீறக்கூடியது என்றும் சொல்கிறது. கடைசியில் இ இருந்தால் சுற்றியுள்ள மக்களை அகற்றுவது பற்றி யோசி. மூன்றே எழுத்தில் அவ்வளவு தகவல். மொழி தெரியாத மாநிலத்தில் ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் பலகை பேசும், அதில் சேறு படியாமல் இருந்தால்.

அதைப் படிக்க அருகே போகக் கூடாது. முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். மரக்கிளை, கொடி, புகை எது தென்பட்டாலும் போதும். காற்று உங்கள் முகத்தில் படும் திசையை நோக்கி, டேங்கரை முதுகுக்குப் பின்னால் விட்டு நடங்கள். வாயு உங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தால் முதலில் காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு அந்தத் திசைக்குத் திரும்புங்கள். பள்ளத்தில் இறங்காதீர்கள், மேடு பாருங்கள். நின்றிருக்கும் வண்டியைக் கிளப்ப வேண்டாம். அங்கேயே விட்டுவிட்டு நடந்தே போங்கள். வெள்ளையாகப் பனி போலத் தெரிவது வாயுவின் எல்லை அல்ல, குளிரில் உறைந்த ஈரம். கண்ணுக்குத் தெரியாத வாயு அதையும் தாண்டிப் போயிருக்கும். சில நூறு மீட்டர் போனபின் கைபேசியை எடுத்துத் தீயணைப்புக்கு 101, அல்லது 112, எரிவாயுக் கசிவுக்கு 1906. பலகையில் பார்த்த நான்கு இலக்கங்களைச் சொல்லுங்கள். ஓட்டுநர் உள்ளே இருக்கிறாரா, கசிகிற சத்தம் கேட்கிறதா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லுங்கள். தீயணைப்பு வண்டி எந்தப் பக்கமிருந்து உள்ளே வரவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்வது அந்தக் கடைசிப் பதிலை வைத்துத்தான்.